நானூற்றுச் சொச்சம் பேர்

1973-ம் வருடக் குளிர்காலம். மொன்ட்ரியாலில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தைப் பராமரித்தவர் ஒரு செர்பியர். மனைவி இறந்து தனியாக இருந்தார். வேலையோடு சேர்த்துக் கீழ்த்தளத்தில் அவருக்கு ஒரு வீடும் கொடுத்திருந்தார்கள். நான் டவுன்டவுனில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தேன். நூலகத்தில் இருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு கொஞ்சம் இருந்தது, அதுதான் வினை.

ஹீட்டரைச் சரிபார்க்க வந்தால் ஊர்க்கதைதான். துருக்கியர் காலத்தில் மூன்று சகோதரர்கள் தப்பி வந்து மலைச்சரிவில் போட்ட ஊராம் அது. சுற்றிலும் பிளம் தோட்டங்கள். உலகப்போரில் ஆண்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். போர் முடிந்ததும் இவரும் கிளம்பிவிட்டார். கடிதம் போட அங்கே யாரும் மிச்சமில்லை. ஒருநாள் ஊர்ப் பெயரைத் தங்கள் மொழியின் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, இப்போது அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

அந்த நாட்டின் மக்கள்தொகைப் புத்தகம் எங்கள் நூலகத்தின் அடித்தளத்திலேயே இருந்தது. இறங்கிப் போகச் சோம்பல். இரண்டு முறை கேட்டார், மழுப்பினேன். மூன்றாம் முறை, வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தவர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இன்னும் பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "நானூத்துச் சொச்சம் பேர்."

மனிதர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

என் கணவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பார்க்கலைன்னு சொன்னா உன் கிரீடம் இறங்கிடுமா? நாளைக்கே போய்ப் பார்த்துச் சொல்லு" என்றார். ஒரு எண்ணில் என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

வசந்தத்தில் செர்பியர் வேலையை விட்டார். அத்தனை பேர் இருக்கிற ஊரில் கடைசிக் காலத்தைக் கழிக்கலாம் என்று வீட்டையும் காலி செய்துவிட்டு, எல்லோரிடமும் விடைபெற்றுக் கிளம்பினார். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம்.

இலையுதிர்காலத்தில் கதவு தட்டும் சத்தம். அவர்தான், இளைத்துப் போயிருந்தார். போரில் தப்பியவர்கள் ஜெர்மனிக்கும் நகரங்களுக்கும் போய்விட்டார்களாம். ஏழு வீடுகளில்தான் அடுப்பு எரிகிறதாம். கீழ்த்தளத்து வீட்டில் புது ஆள் வந்துவிட்டதால், நகரத்துக்கு வடக்கே மொன்ட்ரியால்-நோரில் ஒரு நண்பர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார். எனக்கென்று ஒரு பை உலர்ந்த பிளம் கொண்டுவந்திருந்தார். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் என்னைத் தேற்றினார்.

"உங்க மேல தப்பில்ல மேடம். புத்தகத்துல தப்பாப் போட்டுட்டாங்க."

நான் தலையாட்டினேன். ஆமாம், தலைதான் ஆட்டினேன்.

மறுநாள் அடித்தளத்துக்கு இறங்கினேன். அவர் எழுதிக் கொடுத்த எழுத்துகளைப் பொருத்திப் பார்க்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஊருக்கு நேரே இரண்டே இலக்கங்கள், பளிச்சென்று அச்சாகியிருந்தன.

அவர் விலாசம் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நான் போகவில்லை. என் தலையிலிருந்து இறக்கி ஒரு பாவமும் அறியாத அந்தப் புத்தகத்தின் தலையில் அவர் வைத்துவிட்டுப் போன பழியை, இத்தனை வருடம் கழித்து இங்கேதான் முதல்முறையாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதைக் கேட்க வேண்டியவர் இல்லாத இடத்தில்.