கடைசிப் பக்கத்தில் என்னைப் பற்றி மூன்று வரி

நான் வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலை ஒன்பதரைக்கு ஃபீக்கா. சுவீடனில் காபி இடைவேளைக்கு அதுதான் பெயர். ஆனால் கோயில் பூசை போல ஒரு நிமிடம் பிசகாது. எட்டுப் பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து ஏலக்காய் ரொட்டி தின்கிறோம். பனியைப் பற்றிப் பேசுகிறோம், பேருந்து தாமதமாக வந்ததைப் பற்றிப் பேசுகிறோம். நான்கு வருடமாக என் வலப்பக்கம் உட்காரும் பிர்கித்தாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் எந்த ஊர் என்று அவளும் கேட்டதில்லை. தாம்பரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறினால், சேலையூர் வருவதற்குள் பக்கத்திலிருக்கும் அம்மா சொந்த வீடா வாடகையா, வீட்டுக்காரர் என்ன செய்கிறார், பிள்ளைகள் எத்தனை என்று மொத்த ஜாதகத்தையும் வாங்கிவிடுவார். வந்த புதிதில் இந்த மௌனம் நிம்மதியாக இருந்தது. பிறகு இது மரியாதையா அலட்சியமா என்று யோசித்தேன். இப்போது யோசிப்பதும் இல்லை. ரொட்டியைத் தின்றுவிட்டுப் போர்வை மடிக்க எழுந்து போகிறேன்.

இப்படிப்பட்ட நாட்டில் என்னை முதன்முதலாக "நீ யார்" என்று கேட்டது ஓர் இலக்கியப் பத்திரிகை. தெருமுனையில் உட்கார்ந்து மீன் விற்கும் ஒரு பெண்ணைப் பற்றிய என் கதையை, மொழி வகுப்பு ஆசிரியையின் உதவியோடு சுவீடிஷ் மொழியில் ஆக்கி அனுப்பியிருந்தேன். ஆசிரியர் ஆண்டெர்ஷ் ஏற்றுக்கொண்டார். கடைசிப் பக்கத்துக்கு என் 'பாக்குருண்ட்' பற்றி மூன்று வரி வேண்டும் என்றார். பின்புலம் என்று கொள்ளலாம். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை, தமிழில் கதை எழுதுகிறேன், பேருந்தில் நன்றாகத் தூங்குவேன் என்று எழுதி அனுப்பினேன். அவர் போனில் கூப்பிட்டார். "இது வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் நீங்கள் யாரென்று இதில் இல்லையே. கதையில் வரும் கடல் உங்கள் கடல்தானா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சுண்டல் தின்னப் போன கடல்தான். பாதி புரிந்த எல்லாக் கேள்விக்கும் 'யா', அதாவது ஆமாம், சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. யா என்றேன்.

மறுவாரம் அவர் எழுதிய குறிப்பு பார்வைக்கு வந்தது. இந்தியப் பெருங்கடலின் கரையில் ஒரு மீனவக் கிராமத்தில், மீன் விற்கும் தாயின் மகளாகப் பிறந்தவர். வறுமையிலிருந்து எழுத்துக்கு வந்தவர். பிழையிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும். புரியாமல் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். என் அப்பா தாம்பரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. என் அம்மா மீனைத் தொட்ட கையைச் சீயக்காய் போட்டுக் கழுவுகிறவள். இரண்டு பேரும் இப்போது இல்லை. "நன்றாக இருக்கிறது" என்று பதில் அனுப்பினேன். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது, என்னைவிட. ஆனால் அந்தக் குறிப்பில் இருந்த தாய் என் சிநேகிதி கோமதியின் தாய். இதைவிடக் கேவலம், அந்த வாசகத்தில் பாதியைப் பல வருடங்களுக்கு முன்பு கோமதிக்காக நானே எழுதியிருக்கிறேன்.

அப்போது நானும் கோமதியும் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அலுவலக வேலையில் இருந்தோம். காலை கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட். அவள் கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்தவள் என்று அலுவலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சனி, ஞாயிறுகளில் நான் குரோம்பேட்டையிலிருந்து வந்த ஒரு சிற்றிதழுக்கு உதவி செய்வேன். எழுதுகிறவர்களைக் கேட்டு அவர்களைப் பற்றிய குறிப்பை எழுதுவது என் வேலை. படைப்பின் அடியில் குறிப்பு, அதற்குக் கீழே போன் நம்பர்; வாசகர்கள் நேராகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அந்தக் குறிப்புகளை எழுதி எழுதி எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. மெஸ் நடத்துகிறவர் 'சுயதொழில்' என்று போடச் சொல்வார். சேற்றில் கால் வைக்காத வங்கி மேலாளர் 'விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்' என்று போடச் சொல்வார். உள்ளதை யாரும் சொல்வதில்லை, அவரவருக்கு இல்லாததைத்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

கோமதியின் முதல் கவிதை அதில்தான் வந்தது. கம்பெனி பஸ்ஸில் வாயைத் திறந்து தூங்கும் பெண்களைப் பற்றிய கவிதை. "கோமதி, தாம்பரம். இது போதும்டி" என்றாள். ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "வாசகனுக்கு ஆள் யாருன்னு தெரியணும்மா, கவிதைல்லாம் அப்புறம்" என்றார். நான் அவளைக் கேட்காமலே எழுதிக் கொடுத்தேன். கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர், மீன் விற்கும் தாயின் மகள். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

பத்து நாள் கழித்து பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் நின்றபடியே பேசினாள். "தினம் போன் வருது. வலை எப்படிப் பின்னுவாங்கன்னு ஒருத்தர் கேக்கறார். புயல் வந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தர் கேக்கறார். எங்கம்மாகிட்ட பேசணுமாம் ஒரு மேடத்துக்கு. பஸ்ஸப் பத்தி ஒருத்தர்கூட கேக்கலடி."

"நான் இல்லாததை எழுதலையே" என்றேன்.

"எல்லாம் உள்ளதுதான். அதை நான் சொல்லிருக்கணும்" என்றாள். பின்னால் போய் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். போன் நம்பரை மாற்றினாள். அதற்குப் பிறகு அவள் கவிதை எதுவும் வரவில்லை. அவள் அம்மாவோ, தான் மீன் விற்கும் ராஜகீழ்ப்பாக்கம் முனையில் என்னைப் பார்த்ததும் கூடையைத் தள்ளிவைத்துவிட்டு, "இன்னா கண்ணு, என்னிய பத்தி புக்குல எழுதிகீறியாமே, அல்லாரும் சொல்லிகினு கீறாங்க" என்று பையில் இரண்டு சங்கரா மீன் கூடுதலாகப் போட்டார். அதைப் பிடித்துக்கொண்டு, நான் செய்தது சரிதான் என்று ரொம்ப நாள் இருந்துவிட்டேன்.

சுவீடிஷ் இதழ் வந்ததும் நூலகத்தில் ஒரு மாலைக் கூட்டம் வைத்தார்கள். அந்த இதழில் என்னையும் சேர்த்து ஏழு பேர். மற்ற ஆறு பேரின் குறிப்புகளையும் படித்துப் பார்த்தேன். ஒருவர் மொழிபெயர்ப்பாளர், இரண்டு பூனைகளோடு வசிக்கிறார். ஒருவருக்கு ஒரு பூனை. ஒருவர் காளான் சேகரிக்கிறார். பெற்றோர் இருந்தது என் குறிப்பில் மட்டும்தான். கூட்டத்தில் ஒரு வயதான பெண்மணி எழுந்து, வலையை எப்படிச் சீர்செய்வீர்கள் என்று கேட்டார். வலை சீர்செய்வதைப் பற்றி முன்பு பஸ்ஸில் கோமதி சொன்னது ஞாபகம் இருந்தது. கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியைக் கண்ணிக்குள் விட்டு எடுப்போம் என்றேன். 'எடுப்போம்' என்று என் வாய்தான் சொன்னது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பனிக்காலத்தில் கையுறை இல்லாமல் நடந்தால் சிறிது நேரத்தில் விரலில் வலி நின்றுவிடும். அப்படி இருந்தது.

இந்த வருடம் விடுமுறையில் ஊருக்குப் போனேன். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டை அண்ணன் விற்றுவிட்டார். அங்கே இப்போது நான்கு மாடி அடுக்ககம் நிற்கிறது. அண்ணனின் வாடகை வீட்டில் தங்கினேன். நான்காம் நாள் இதழை எடுத்துக்கொண்டு அஸ்தினாபுரத்தில் கோமதி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டு இப்போது மகளோடுதான் இருக்கிறார். டிவியில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. கோமதி காபி கொடுத்துவிட்டு இதழைப் புரட்டி, என் படத்தில் நிறுத்தினாள்.

"கீழ என்ன போட்டிருக்கு? படிச்சு சொல்லு."

சலவைக்கூடம், பேருந்து என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் யாருக்கும் சுவீடிஷ் தெரியாது. வார்த்தை வார்த்தையாக உள்ளதைத் தமிழில் சொன்னேன். பிழையிருந்தால் எழுதச் சொல்லியும் நான் எழுதாததையும், கூட்டத்தில் கைதட்டியதையும் சேர்த்தே சொன்னேன். கோமதி இதழை மூடினாள். டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

"ம்மா, அந்த ஊர்ல இவ உன் பொண்ணாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவளா? எங்கூட ஒருநாளாவது கூடையத் தூக்கிகினு நடந்தாளா இவ?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மன்னிச்சிடுங்கம்மா என்றேன், எதற்கு என்று அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

கோமதி வாசல் வரை வந்தாள். "நான் வேணாம்னு சொன்னதை எனக்குப் போட்டே. கைத்தட்டல் கிடைக்கும்னதும் நீயே எடுத்துப் போட்டுக்கிட்டே. அவங்களுக்கு எழுது. எங்கம்மாவ எடுக்கச் சொல்லு. என் பேரைச் சொல்லாத."

"எழுதறேன்" என்றேன்.

"இந்த வாட்டியாவது எழுது" என்றாள்.

திரும்பி வந்த வாரமே ஆண்டெர்ஷுக்கு எழுதினேன். அவர் எதையும் விசாரிக்கவில்லை. வருந்துகிறோம், அடுத்த இதழில் திருத்தம் வரும், விரும்பினால் சரியான பின்புலத்தை மூன்று வரியில் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பார்த்தேன். தாம்பரம் என்று எழுதினேன், அங்கே எனக்கு ஒரு கதவு எண்கூட இல்லை. சுவீடன் என்று எழுதினேன், அதற்கும் மனம் ஒப்பவில்லை. எதையும் அனுப்பாமல் விட்டுவிட்டேன். போன வாரம் இதழ் வந்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் என் பெயர், பக்கத்தில் ஒரே வாக்கியம்: இவர் கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்தவர் அல்லர்; மீன் விற்கும் தாயின் மகளும் அல்லர். இந்த நாட்டில் என்னைப் பற்றி அச்சில் வந்திருக்கும் உண்மை இது ஒன்றுதான்.

பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அதைப் படமெடுத்துக் கோமதிக்கு அனுப்பி, தமிழில் அர்த்தத்தையும் எழுதினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது. "அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். அப்ப இவ யாரு பொண்ணுன்னு கேக்கறாங்க."

அப்பாவின் பெயரை அடித்தேன். அந்த அம்மாவுக்கு அவரைத் தெரியாதே என்று அழித்தேன். வீட்டு விலாசத்தை அடித்தேன், இப்போது அந்த விலாசத்தில் பதினாறு குடும்பம். அதையும் அழித்தேன். பேருந்து வந்து கதவைத் திறந்தது. எனக்குப் பின்னால் நின்றவர்கள், என்னை ஒன்றும் சொல்லாமல், ஒதுங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள்.