ஆல்வாவின் பிழை நோட்டு

எஃகு அளவுகோலை நோட்டின் மடிப்பை ஒட்டி வைக்கிறாள் ஆல்வா. இடது கையின் மூன்று விரல்களால் அதை அழுத்திக்கொள்கிறாள். மூச்சை இழுத்து நிறுத்தி, பிளேடை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகக் கொண்டுவருகிறாள். தாள் கழன்று வருகிறது. அங்கே ஒரு பக்கம் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. வெட்டிய தாளைக் குப்புறப் பிடித்தபடி எழுந்துபோய், அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் வாளியில் போடுகிறாள். எதில் என்ன பிழை என்று எனக்குக்கூடக் காட்டமாட்டாள். கேட்டால், "சரியா வராததுக்கு எதுக்குக்கா மூஞ்சி?" என்பாள்.

ஆல்வா என் தங்கை. வயது இருபத்திரண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகத்தில் காண்கலைப் பட்டப்படிப்பு, கடைசி ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள்தான். மீன் பொரிக்கும் கடை வரிசையில் நிற்கும்போது இதைச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்களிடமும் சொல்லியிருக்கிறேன், கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அவளுடைய பென்சில்கள் உயர வரிசையில் படுத்திருக்கும். எல்லாவற்றையும் கத்தியால்தான் சீவுவாள். அலமாரியில் கோப்பைகளின் காதுகள் ஒரே பக்கம் பார்க்கும். நான் ஒன்றை மாற்றி வைத்தால் பேசிக்கொண்டே திருப்பிவிடுவாள். பெரிய தாள்களைச் சுருட்டி, கூரையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றில் செருகி, இரண்டு முனையும் மூடி, முதுகில் கட்டிக்கொண்டு சைக்கிளில் போவாள். பாலத்தில் எதிர்க்காற்று அடித்தால் குழாய் அவளையும் சேர்த்துத் திருப்பும். "குழாய்க்காரி வர்றா, வீட்டுக் கூரை ஒழுகுதுன்னா சொல்லுங்கடா" என்று பாலத்தடியில் தூண்டில் போடுகிறவர்கள் கத்துவார்கள். "உங்க மண்டைதான் ஒழுகுது, முதல்ல அதை அடைங்க" என்று நிற்காமல் பதில் சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த பிளேடு வெட்டு என்னிடமிருந்து வந்தது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, பள்ளிச் சீருடை தைக்கும் ஆலையில் வெட்டுமேசைக்குப் போனவள் நான். இருபத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. தவறாக வெட்டிய துண்டைக் கடிகாரத்துக்குக் கீழே ஒரு ஆணியில் மாட்டி, வெட்டியவர் பெயரைச் சாக்குக்கட்டியால் எழுதிவைப்பது எங்கள் ஆலை வழக்கம். சாயந்திரம் மணி பார்க்கிற எல்லோரும் அதைப் பார்த்தாக வேண்டும். என் பெயர் அங்கே இரண்டு முறைதான் ஏறியது. இரண்டு தேதியும் இப்போதும் நினைவிருக்கிறது. ஆல்வாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது, மை கொட்டிய ஒரு பக்கத்தோடு பள்ளிக்குக் கிளம்பினாள். உட்காரவைத்து அளவுகோலைக் கையில் கொடுத்தேன். பிழையை ஊருக்குக் காட்டக் கூடாது என்று சொன்னேன். அம்மா அப்போதே படுக்கையில் இருந்தாள். சொல்லிக்கொடுக்க வீட்டில் வேறு யாரும் இல்லை.

கடைசி ஆண்டில் ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று பக்கமும் வெள்ளைப் பலகை அடைத்த ஒரு மூலையும் ஒரு முழு வருடமும் கொடுக்கிறார்கள். என்ன செய்வது என்று சொல்லமாட்டார்களாம்.

"பின்னே யாருடி சொல்லுவா?"

"நானேதான்."

"தப்பாப் போச்சுன்னா?"

"அதுவும் நானேதான்க்கா."

ஆலையில் மாதிரி வெட்டும் பழுப்புத் தாள் வேண்டும் என்று கேட்டாள். மேலாளர் மிசஸ் டூஹியிடம் சொல்லி ஒரு உருளை வாங்கிக்கொடுத்தேன். அதில் பென்சிலால் பன்னிரண்டு பள்ளிச் சீருடைகள் வரைந்தாள். ஆள் உயரம், உள்ளே ஆள் இல்லை. முழங்கை தேய்ந்து பளபளக்கும் கம்பளிச் சட்டை ஒன்று. மடிப்பை இறக்கித் தைத்த பாவாடை ஒன்று; அதில் பழைய மடிப்பின் கோடு லேசாகத் தெரியும். அக்காவிடமிருந்து தங்கைக்கு வந்த கோட்டு ஒன்று. பெயர்ப்பட்டையில் முதல் பெயர் பிரிக்கப்பட்டு ஊசித் துளைகள் மட்டும் இருக்கும். போனில் இருந்த படத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் மேசையில் காட்டினேன். காஜா போடும் பெக் என்பவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தாள். "இது ஒன்பது வயசு அளவு. மூணாவது காஜா கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு பாரு, அது நான் போட்டதுதான்" என்றாள். அதைவிடப் பெரிய சான்றிதழ் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜனவரியில் இடைமதிப்பீடு நடந்தது. படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, வரைந்தவர் இருபது நிமிடம் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். அது அங்கே சட்டம். அன்று வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒவ்வொருவரையும் எனக்கு நடித்துக்காட்டினாள். டப்ளினிலிருந்து வந்து படிக்கும் ஃபெர்டியா தலைமுடியைக் கோதிக்கொண்டு, "இது ரொம்ப... கச்சிதமா முடிஞ்சுபோயிருக்கு இல்ல?" என்றானாம். அவளுடைய ஆசிரியர் கான்லத் தாடையைத் தேய்த்துக்கொண்டு, "அழகா இருக்கு. அதுதான் எனக்குக் கவலையா இருக்கு" என்றாராம். பிறகு, படம் உருவான வழியைப் பதிவுசெய்து வைக்க வேண்டிய செய்முறை நோட்டைக் கேட்டிருக்கிறார்கள். ஃபெர்டியாவின் நோட்டு ஒரு செங்கல் கனம்: காபிக் கறை, கெட்ட வார்த்தை, ஒட்டிய பஸ் டிக்கெட், காயத்தில் போட்ட பிளாஸ்திரி ஒன்றுகூட. ஆல்வாவின் நோட்டில் ஆறு பக்கம் இருந்தது. ஆறும் சுத்தம்.

"வந்து சேர்ந்த இடத்தை மட்டும் காட்டுறே, ஆல்வா. வந்த வழி எங்கே? தப்பெல்லாம் எங்கே?" என்று கேட்டாராம் கான்லத்.

"வெட்டிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்களாம். அந்த இடத்தை மட்டும் அவள் நடிக்கவில்லை.

மதிப்பெண்ணில் ஐந்தில் இரண்டு பங்கு அந்த நோட்டுக்கு. அது போனால் இரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போகும். இரண்டாம் வகுப்பு போனால் செப்டம்பரில் ஓவிய ஆசிரியர் பயிற்சிக்குக் கிடைத்திருந்த இடம் போகும். அந்தச் சேர்க்கைக் கடிதம் எங்கள் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் இருந்தது. பால் எடுக்கும்போதெல்லாம் இருவரும் அதைப் படித்தோம். "தப்பையெல்லாம் எடுத்துட்டு வா, பார்க்கலாம்" என்று கான்லத் சொல்லியிருந்தார். எடுத்துப்போக ஒன்றும் இல்லை. குளிர்காலம் முழுக்க அவற்றில்தான் நாங்கள் அடுப்பு மூட்டியிருந்தோம்.

அதனால் தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், பூசை முடிந்து வந்து, தட்டுகளை ஒதுக்கிவிட்டு, சமையலறை மேசையில் பிழை செய்ய உட்கார்ந்தோம்.

"தப்பா வரைடி."

"எப்படி?"

"எனக்கென்ன தெரியும்? நீதானே படிச்சவ."

ஒரு சட்டைக்கையை வரைந்தாள். தோள் வளைவைப் பார்த்தேன். "இது சரியாத்தானே இருக்கு?"

"தெரியுது. வாயை மூடு."

இடது கைக்கு மாறினாள். பத்து நிமிடத்தில் அதுவும் பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு வரைந்தாள். அக்டோபர் பக்கங்களுக்கு நீல மை, நவம்பருக்குக் கறுப்பு என்று பிரித்துத் தேதி போட்டாள். டிசம்பர் பக்கங்களைக் குழாயடியில் நீட்டி, மழையில் நனைந்தது போல ஆக்கினாள். கோப்பைக் கறை வைப்பது என் பொறுப்பு. தேநீரைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி, கோப்பையைத் தோய்த்து, தாளில் வைத்து எடுத்தேன்.

"இவ்வளவு சுத்தமா ஒரு வட்டமா! யாராவது கோப்பையைத் தாளோட நட்டநடுவிலயா வைப்பாங்க?"

"நான் வைப்பேன்."

"அதான்க்கா நம்ம வியாதி."

அடுத்த பக்கத்தில் ஒரு வரியை அடிக்கச் சொன்னாள். அடித்தேன். எட்டிப் பார்த்துவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "அடிக்கிறதுக்குமா அளவுகோலு? உன்னை வச்சுக்கிட்டு ஒரு பொய்கூட ஒழுங்காச் சொல்ல முடியாது." சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்தது. அவள் நிமிர்ந்தபோது அவள் கண்ணிலும் ஈரம் இருந்தது. அது சிரித்ததால் வந்ததில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான் சோடா ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தேன். பென்சில் ஓடும் சத்தம் மாறியது கேட்டது. "அசையாதே, அசையாதே" என்றாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கத்தியைப் பிடித்த என் வலது கை நோட்டில் இருந்தது. கத்தரிக்கோல் வளையம் இருபத்தொரு ஆண்டுகளாக உட்கார்ந்து கட்டைவிரலில் ஏற்றிய காய்ப்பு, அதன் நடுவிலுள்ள வெடிப்பு, எல்லாம் இருந்தது. அவள் அதில் கறை வைக்கவில்லை, பழைய தேதி போடவில்லை. அன்றைய தேதியைத்தான் எழுதினாள். "இது ஒண்ணாவது நிசமா இருக்கட்டும்" என்றாள்.

ஜூனில் இறுதிக் கண்காட்சி. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். ஆல்வாவின் நோட்டு வாசலுக்கு நேரே வெள்ளைப் பீடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கோப்பைக் கறைப் பக்கம் திறந்திருந்தது. வகுப்பிலேயே அதற்குத்தான் முதல் மதிப்பெண். பன்னிரண்டு சீருடைகளுக்குப் பெரிய அறையில் இடம் இல்லை. அவசர வழிக்கதவுக்கும் கழிப்பறைக்கும் நடுவே தாழ்வாரத்தில் மாட்டியிருந்தார்கள். ஒயினுக்கு வரிசை அங்கேதான் நின்றது, சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஈரக் குடையை ஒருவர் ஒன்பதாவது சீருடையின் மேல் சாய்த்து வைத்தார். நான் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "ஓ, நன்றி" என்றார். அங்கே வேலை பார்க்கிறவள் என்று நினைத்திருப்பார்.

கான்லத் என்னைத் தேடி வந்து கைகொடுத்தார். நல்ல மனிதர்தான். "நீங்கதான் அக்காவா? அந்த நோட்டைப் பார்த்தீங்களா? என்ன தைரியம்! அந்தக் கறை இருக்கே, அதை வேணும்னு யாராலயும் வைக்க முடியாது."

"நன்றிங்க" என்றேன். படித்த ஒருவர் என் கைவேலையைப் பாராட்டியது அதுதான் முதல் முறை.

இரண்டாம் வகுப்பு கிடைத்தது. செப்டம்பர் இடமும் உறுதியானது. தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

போன சனிக்கிழமை நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் கான்லத் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தார். குழாய்த்தண்ணீர் பட்ட பக்கத்தில் "அருமையான தயக்கம்." இடது கையால் வரைந்த சட்டைக்கையில் "இங்கேதான் நீ தெரிகிறாய்." ஆல்வா ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தாள். நடுவில் என் கை இருந்த பக்கம் வந்தது. அதில் இருந்ததை அவள் படிக்கவில்லை. நான்தான் நோட்டைத் திருப்பிப் படித்தேன். "மற்ற பக்கங்களில் உள்ள நேர்மை இதில் இல்லை. நன்றாக வர வேண்டும் என்ற ஆசை மட்டுமே தெரிகிறது."

"அவருக்கென்ன தெரியும்? விடுடி" என்றேன்.

"தெரிஞ்சவர்தான்க்கா."

இனி யாரும் அந்த நோட்டுக்கு மதிப்பெண் போடப்போவதில்லை. அலமாரியில் வைத்துவிடுவாள் என்று நினைத்து, ரொட்டித் துணுக்குகளைத் துடைத்து மேசையில் இடம் செய்துகொடுத்தேன். அவள் இழுப்பறையைத் திறந்து எஃகு அளவுகோலை எடுத்தாள். அதை என் கை இருந்த பக்கத்தின் மடிப்பை ஒட்டி வைத்து, மூன்று விரல்களால் அழுத்தி, மூச்சை நிறுத்தினாள். ஒரே இழுப்பு. தாளைக் குப்புறத் திருப்பிக்கொண்டு எழுந்தாள். நான் பார்த்துவிடாதபடி அதை மார்போடு அணைத்துக்கொண்டு வாளியை நோக்கி நடந்தாள்.