அண்ணன் மாற்றிச் சொன்ன பேச்சு

அண்ணே, நீ இருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். நீயும் பெரிய படிப்பு ஒன்றும் படிக்கவில்லை. துரை பங்களாவில் எடுபிடி வேலை பார்த்தபோது காதில் விழுந்த இங்கிலீஷ்தான். அதை வைத்துத்தான் துறைமுகத்தில் கப்பல் துரைக்கும் தோணிக்காரர்களுக்கும் நடுவில் நின்று பேசினாய்.

கப்பல் கரைக்கு வராது, தூரக் கடலிலேயே நிற்கும். தோணியில் போய்த்தான் மூட்டை இறக்க வேண்டும். ஒரு மூட்டை தண்ணீரில் விழுந்தால் போதும், துரை மேலே நின்று முகம் சிவக்கக் கத்துவார். அத்தனையையும் கேட்டுவிட்டு நீ கீழே குனிந்து, "பாத்து எறக்கச் சொல்லுதாரு" என்பாயாம்.

நம் மாமாவும் அந்தத் தோணியில்தான் வேலை பார்த்தார். ஒருநாள் வீட்டுக்கு வந்து உன்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே மருமவனே, அந்த ஆளு எச்சி தெறிக்க அவ்வளவு நேரம் கத்துனான். நீ மூணு வார்த்தையில முடிச்சிட்டியே! மிச்சத்த எங்கலே போட்ட?"

"கடல்ல போட்டுட்டேன் மாமா. அதையும் ஏத்துனா தோணி முங்கிருமுல்லா."

"சரி, பதிலுக்கு நான் அவன வஞ்சேனே, அத என்னன்னு சொன்ன?"

"ஒங்க ஒடம்புக்கு சொகமான்னு கேக்காருன்னு சொன்னேன்."

"அதான் அந்தப் பய என்னப் பாத்து தொப்பியத் தூக்குனானா!"

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அப்புறம் உனக்கு இருமல் வந்தது. துண்டில் ரத்தத்தைப் பார்த்ததும் அம்மாவும் நானும் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் வெள்ளைக்காரர், தமிழ் தெரியாது. நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்துவிட்டு உன்னிடமே மெதுவாக நிறையப் பேசினார். நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாய்.

"என்னய்யா சொல்லுதாரு?" என்றாள் அம்மா.

"நெஞ்சுல சளி கட்டியிருக்காம். கஞ்சி குடிச்சிட்டு படுத்துக் கெடந்தா சரியாயிருமாம்."

"இவ்வளவு நேரம் பேசுனாரே?"

"வெள்ளக்காரன் அப்படித்தாம்மா, நீட்டி நீட்டிப் பேசுவான்."

நம்பினோம். ஊருக்கெல்லாம் மாற்றிச் சொல்கிறவன் எங்களுக்கும் மாற்றிச் சொல்வான் என்று ஏன் தோன்றவில்லையோ.

நம் பக்கத்தில் டாக்டர் கைவிட்ட பிறகுதான் மாதா கோயில் சாமியாரைக் கூப்பிடுவோம். சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தைப்பூசுதல் எண்ணெயோடு அவர் வாசலில் வந்து நின்றாலே அக்கம்பக்கத்தில் அழ ஆரம்பித்துவிடுவார்கள். சரியாகிவிடும் என்று நீ சொன்னதால் யாரும் கூப்பிடவில்லை. அம்மா கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தேன். நீ ரத்தமாகக் கக்கிக்கொண்டிருந்தாய். மாமா கோயிலுக்கு ஓடினார். சாமியார் வேறு ஊருக்குப் பூசை வைக்கப் போயிருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது உன் உடம்பு குளிர்ந்துவிட்டது. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் இல்லை, நாக்கில் அப்பம் வாங்குகிற நன்மை இல்லை, எண்ணெயும் இல்லை.

அடக்கத்துக்கு ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வந்திருந்தார். "டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரே அம்மா. நுரையீரல் ரெண்டும் அரிச்சுப் போச்சு, சாமியாரக் கூப்பிட்டு வச்சிக்கிடச் சொல்லுன்னு ஒங்க மவன்கிட்டத்தான சொன்னாரு" என்றார்.

"எங்கிட்டயுமா மாத்திச் சொன்னான்?" அம்மா அன்று கேட்டதுதான். இன்றைக்கும் அதையே கேட்கிறாள்.

கப்பல் துரையும் வந்தார். அம்மா முன்னால் நின்று என்னவோ நிறையப் பேசினார். கண் கலங்கியிருந்தது.

"என்னளா சொல்லுதாரு?"

"தெரியலம்மா."

"அவன் இருந்தா சொல்லியிருப்பான்" என்றாள். மாமா சிரிக்கப் போனார். அது அழுகையாக வந்தது.

எங்களைப் பயமுறுத்தக்கூடாது என்றுதானே அண்ணே அப்படிச் சொன்னாய்? இப்போது ராத்திரி பகல் இல்லாமல் பயந்துகொண்டிருக்கிறோம். உன் ஆத்துமா பாவம் தீர வேகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் நிற்கிறதோ, அதற்கும் கீழே நரகத்திலேயோ. நானும் ஜெபம் சொல்கிறேன். போய்ச் சேருகிற மாதிரியே இல்லை.

இதை வாசிக்கிறவர்கள் யாராயிருந்தாலும் சரி, எண்ணெய் பூசாமல் போன எங்கள் அண்ணனுக்காக ஒரு ஜெபம் சொல்லுங்கள். என் ஒருத்தி சத்தம் அங்கே கேட்காது.