அம்மா சொன்ன வகுப்பு

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் எனக்கு மனநலக் கிளினிக். பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வாசல் படலையடியில் நின்று விசாரித்தால், அம்மா முந்திக்கொண்டு, "வகுப்புக்குப் போறாள்" என்பார். ஒன்பது வருடமாக இதே பொய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நோய் வந்து கம்பஸ் படிப்பை இடையில் விட்டவளைப் பற்றிச் சொல்ல வேறு பொய்யா கிடைக்கவில்லை?

முப்பத்திரண்டு வயதில் வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்தேன். இரவில் போடும் மருந்து விடிந்த பிறகும் கண்ணைத் திறக்க விடாது. அதனால் வகுப்பு நடக்கும் சனிக்கிழமைகளில் அம்மா ஐந்து மணிக்கே தேத்தண்ணியோடு வந்து போர்வையை இழுப்பார். நான் எரிந்து விழுவேன். அவர் விடமாட்டார். சாவகச்சேரி பஸ் நிலையம் வரை கூடவே வருவார்.

முதலாம் வருடச் சோதனை பாஸ். இரண்டாம் வருட வகுப்புகள் தொடங்கிய காலையில் அந்த அக்கா படலையடியில் நின்றார்.

"எங்கை பிள்ளை, கிளினிக்குக்கோ?"

நான் திகைத்துப்போனேன். இவ்வளவு காலமும் அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவரோ குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்:

"கிளினிக் நேற்று முடிஞ்சுது. இண்டைக்கு மெய்யாவே வகுப்பு."