இரண்டும் ஆண் என்று நான் சொன்ன விரால்கள்

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அதோடு மிஷன் பள்ளிக்கூடம் எனக்குப் போதும் என்றாகிவிட்டது; பள்ளிக்கூடத்துக்கும் நான் போதும் என்றாகிவிட்டது. இன்றைக்குக் கோட்டாற்றில் எனக்கு இரண்டு கடை. எல்லாம் மீன் தந்தது. மீனைப் பற்றி என்னைவிட அறிந்தவன் கன்னியாகுமரி முதல் குலசேகரம் வரை கிடையாது. சந்தேகமுள்ளவர்கள் நேரில் வரலாம், காப்பி உண்டு.

அந்தக் காலத்தில் எங்களூர்க் குளத்து மீன் பாட்டத்தை, அதாவது வருசம் முழுக்க மீன் பிடிக்கும் உரிமையை, யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்பவர் பெரிய வீட்டு அண்ணாச்சி. பச்சை சைவம். மீன்காரன் எதிரே வந்தாலே குளித்துவிடுவார். பாட்டம் கிடைத்தால்தான் நான் தூண்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு வலை வாங்க முடியும்.

அவர் வீட்டுக் கிணற்றில் புழு நெளிந்தது. புழுவைத் தின்ன விரால் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, ரெண்டும் ஆணாப் பாத்து விடணும். எங்க கிணத்துல அதுக குடும்பம் நடத்தப்பிடாது."

"அண்ணாச்சி, செதில் வளையத்தைப் பாத்து வயசு சொல்லுவேன். வயித்தைத் தடவி ஆணா பெண்ணான்னு சொல்லுவேன். இது ரெண்டும் ஆண்தான்."

"குட்டி போட்டுதுன்னா பாட்டத்தை மறந்திரு."

மழை பிடித்தது. அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணமும் வந்தது. வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவ, பெண்ணின் தம்பி செம்பைச் சாய்த்தான். தண்ணீரோடு சிவப்பாக என்னவோ விழுந்து மாப்பிள்ளையின் கால்விரலிடையே துள்ளியது.

மாப்பிள்ளையின் மாமா குனிந்தார். "என்னவே, மிளகா வத்தலா?"

"வத்தல் துள்ளுமாவே?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

விரால் குஞ்சு சிவப்பாகத்தான் இருக்கும். கிணற்றை எட்டிப் பார்த்தால் ஒரு கூட்டமே திரிகிறது. பந்தியில் இருந்த என்னை எழுப்பினார்கள்.

"ரெண்டும் ஆணுன்னியே, எப்படிலே பிள்ளை வந்துது?" என்றார் அண்ணாச்சி.

"நான் தடவும்போது ஆண்தான் அண்ணாச்சி. உங்க வீட்டுத் தண்ணிக்கு என்ன ராசியோ!"

மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் வெளிய எடு. ஒண்ணு செத்தாலும் உனக்குப் பாட்டம் கிடையாது."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. அகலமான வெண்கல உருளியோடு கிணற்றில் இறங்கி முதலில் குஞ்சுகளைக் கோரி எடுத்தேன். தகப்பன் விரால் பிள்ளைகளை விட்டு இருக்காது. என் கட்டைவிரலைக் கடித்துவிட்டு ஒரே துள்ளில் உருளிக்குள் விழுந்தது. தாயும் பின்னாலேயே வந்தது.

"தகப்பன்னா இப்படி இருக்கணும், பாத்துக்கோ!" என்று மாமா மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். பிறகென்ன, நாகசுரம் முன்னே போக, உருளியைத் தலையில் வைத்து மீன் குடும்பத்தைக் குளத்தில் கொண்டு விட்டேன். ஒன்றுகூடச் சாகவில்லை.

"பாட்டம் உனக்குத்தான்," என்றார் அண்ணாச்சி. "ஆனா எங்க வீட்டு மீனைப் பிடிக்கப்பிடாது."

அப்புறம் நான் விரால் பிடிக்கும்போதெல்லாம் கரைக்கு வந்து எட்ட நின்று கேட்பார். "ஏலே, இது நம்ம பிள்ளையா?"

நான் ஒரு செதிலைப் பிடுங்கி வெயிலில் பார்ப்பேன். "இல்ல அண்ணாச்சி, இது கல்யாணத்துக்கு முந்தியே பிறந்தது."

நான் பாட்டம் வைத்திருந்த காலம் முழுக்க, பெரிய வீட்டு மீன் ஒன்றுகூட என் வலையில் விழுந்ததில்லை.