ரசத்தை நிறுத்திவைத்த பந்தி

கறம்பக்குடிப் பக்கம் கல்யாணத் தேதி குறித்ததும் சமையல்காரருக்கு முன்னால் ஆத்மநாதனுக்குச் சொல்லிவிடுவார்கள். பந்தி விசாரணைக்கு அவர் வேண்டும். பேச்சு விட்டுப்போன அண்ணன் தம்பியை எதிரெதிரே போட மாட்டார். ஒரே வரிசையில் நாலு இலை தள்ளிப் போடுவார். முகம் பார்க்க வேண்டியதில்லை, ஒதுக்கிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆளைப் பார்த்ததும் கை தானாக இடம் காட்டும்.

கூலி வாங்க மாட்டார். கேட்டால், "ஏத்தி எறக்கி விட்டதுக்குத்தான் பென்சன் வருதே" என்பார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். சாப்பிட்டு எழுந்தவர் ரசம் பிரமாதம் என்று சொல்ல வேண்டும். அவர் நின்ற பந்தியில் ரசத்தைக் குறை சொன்னவர் கிடையாது.

மகள் இனியா பயோமெடிக்கல் என்ஜினீயர். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் பாம்புக்கடிக்கு ஒரு ஸ்டிரிப் செய்துகொண்டிருந்தாள். ஒரு சொட்டு ரத்தம் விட்டால், அதில் கட்டுவிரியன் விஷம் இருக்கிறதா என்று கோடு காட்டும். ஆய்வகத்தில் நன்றாகவே காட்டியது. ஆனால் அங்கே ரத்தத்தில் விஷத்தைக் கலந்தவளும் அவள்தான். கடிபட்ட மனிதரின் ரத்தத்தில் காட்டுமா என்று பார்க்க ஓர் ஆஸ்பத்திரி கூடச் சேர வேண்டும். அந்த வருஷம் முடிவதற்குள் யாரும் சேரவில்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது.

கட்டுவிரியன் என்ற பெயர் அந்த வீட்டில் சும்மா புழங்கும் பெயர் அல்ல. ஆத்மநாதனின் அக்கா மூக்காயி கடலைக் கொல்லையில் காவலுக்குப் படுத்தவள், விடிந்ததும் வயிற்றுவலி என்றாள். வாயு என்று சுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். கடித்த தடமே இல்லை. பாம்பு என்று புரிந்தபோது அவளால் மூச்சு விட முடியவில்லை. இனியா அப்போது பிளஸ் ஒன் படித்தாள்.

"மணமேல்குடியில ஒரு ரிட்ரீட் வச்சிருக்காங்கப்பா" என்றாள் இனியா ஒருநாள். "டாக்டருங்க, லேப்ல இருக்கறவங்க, மெஷின் செய்யறவங்க எல்லாரும் மூணு நாள் ஒண்ணாத் தங்கிப் பேசணும். லேப்ல கண்டுபிடிச்சது நோயாளிகிட்டப் போய்ச் சேர வழி பாக்கணும். அங்க கோபிநாத்னு ஒரு டாக்டர் வர்றாரு. பாம்புக்கடிக்கு அவரு வார்டுக்குத்தான் நெறையப் பேரு போறாங்க. அவரு சரின்னா போதும்."

"கேட்டுற வேண்டியதுதானே?"

"மெயில் போட்டேன். பதில் இல்ல. லேப்காரங்கன்னாலே அவருக்கு ஆகாதாம்."

"சாப்பாடு யாரு பாக்குறா?"

"அப்பா..."

"யாரு பாக்குறான்னு கேட்டேன்."

ஏற்பாடுகளைக் கவனித்த வனிதா மேடத்துக்கு அன்று சாயங்காலமே போன் போய்விட்டது. ஆத்மநாதன் புதுச் சட்டை எடுத்தார். பரிமாறும் கருப்பனையும் ஆட்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு, விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாளே கடற்கரை ஓரத்துக் கல்யாண மண்டபத்தில் போய் இறங்கினார். "கல்யாணமும் இல்ல, காதுகுத்தும் இல்ல, எதுக்குய்யா இந்தத் துள்ளு துள்ளுற?" என்றார் கருப்பன். "சம்பந்தம் பேசப் போறோம்டா" என்றார் இவர்.

முதல் நாள் பஃபே. வனிதா மேடத்தின் ஏற்பாடு. ஆத்மநாதனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் டாக்டர்களோடு நின்றார்கள். லேப்காரர்கள் லேப்காரர்களோடு நின்றார்கள். மிச்சப் பேர் போனோடு நின்றார்கள். இனியா தூண் ஓரம் நின்று தயிர்சாதம் தின்றாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு இவரே களத்தில் இறங்கினார். கழுத்து அட்டையில் டாக்டர் என்று போட்டிருந்த ஒருவரைக் கையோடு கூட்டிவந்து மகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அவர் சந்தோஷ், மீனுக்குத் தடுப்பு மருந்து செய்கிறவர். பாம்பைக் கிட்டத்தில் பார்த்ததுகூட இல்லை.

"இங்க எல்லாருமே டாக்டராம்டா" என்று கருப்பனிடம் நொந்துகொண்டார். "காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டா பாதிப் பேரு முழிக்கிறாங்க."

மறுநாள் காலை வனிதா மேடத்தின் முன் போய் நின்றார். "மேடம், மத்தியானத்துக்கு எலை போட்டுக்கிறேன். வெளியூர்க்காரவுக நெறைய வந்திருக்காக. மணமேல்குடி வந்துட்டு எலையில சாப்பிடலைன்னா நமக்குத்தான் அசிங்கம்."

"எல்லாரும் உக்கார எடம் பத்தாதே?"

"ரெண்டு பந்தி."

முதல் பந்தியில் கோபிநாத்தைச் சுவர் ஓரம் கடைசி இலையில் உட்கார வைத்தார். மரியாதையான இடம், ஒரே பக்கத்தில்தான் ஆள். அந்தப் பக்கத்தில் இனியா. அவளுக்கு அடுத்த நாற்காலியில், நேற்றுப் பேசிய பழக்கத்தில், சந்தோஷ் தானாக வந்து உட்கார்ந்தார். ஆத்மநாதன் பல்லைக் கடித்தார். பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது.

கோபிநாத் வார்டில் சாப்பிடுகிறவர் போலச் சாப்பிட்டார். தலை நிமிரவில்லை. சாம்பார் சாதம் கண்மூடித் திறப்பதற்குள் காலி. இனியா வாயே திறக்கவில்லை. ரசம் வந்து, மோர் வந்தால் அவர் கை கழுவப் போய்விடுவார். பிறகு யார் பிடிப்பது?

ஆத்மநாதன் சமையற்கட்டுக்கு ஓடினார். "கருப்பா, ரசத்த நிறுத்து."

"எதுக்கு?"

"நிறுத்துய்யா. அப்பளம் விடு, கூட்டு விடு, பச்சடி விடு. நான் சொல்ற வரைக்கும் ரசம் வாசப்படி தாண்டக்கூடாது."

கூட்டு வாளியை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். மகள் முன்னால் நின்றார். "என்னத்தா, பக்கத்து எலை காலியாக் கெடக்கு, பாத்துக்கிட்டு உக்காந்திருக்க?"

பந்தியில் தனக்கென்று கேட்பதைவிடப் பக்கத்து இலைக்குக் கேட்பதுதான் மரியாதை. இனியா நிமிர்ந்தாள். "சாருக்குக் கூட்டு போடுங்க."

கோபிநாத் திரும்பினார். "தேங்க்ஸ்மா. நீங்க எந்தப் பக்கம்?"

"கட்டுவிரியன் ஸ்டிரிப், சார். மெயில் போட்டிருந்தேன்."

"ஓ. ரத்தம் கேட்டு வர்ற கட்சியா? எடுத்துட்டுப் போனவங்க ஒருத்தராவது திரும்பி வந்து ரிசல்ட் சொல்லியிருக்காங்களா? ரத்தம் குடுத்தவங்க என்னையத்தானே கேக்குறாங்க!"

ஆத்மநாதனுக்கு வாளி கனத்தது.

"எங்க அத்தைக்கு ரத்தம் எடுக்கவே இல்ல சார்" என்றாள் இனியா. "வயித்துவலின்னு நெனச்சோம்."

கோபிநாத்தின் கை இலையில் நின்றது. "தரையில படுத்திருந்தாங்களா?"

"கொல்லையில."

"கண்ணு? எமை?"

"தூக்க முடியல. தூக்கக் கலக்கம்னு விட்டுட்டோம்."

கோபிநாத் அப்பளத்தை உடைத்து ஒரு துண்டை இலையின் ஓரத்தில் வைத்தார். "இது என் வார்டு. இங்க உங்க ஸ்டிரிப் வேண்டாம். இங்க வர்றப்ப எமையப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுரும்." இன்னொரு துண்டை மறு ஓரத்தில் வைத்தார். "அங்கிட்டு இருக்கு பாருங்க, ஆரம்ப சுகாதார நிலையம். வயித்துவலின்னு மொத மொத அங்கதான் போவாங்க. அங்க வேணும். ஃபிரிட்ஜ் இல்லாம தாங்குமா?"

"தாங்கல சார். சூட்டுல கோடு மங்கிருது."

"சர்க்கரையில காய வச்சுப் பாத்தீங்களா?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். சந்தோஷ். "மீன் மருந்துக்கு நாங்க அப்படித்தான் பண்றோம். புரதம் கெடாது. படகுலயே கெடக்கும்."

மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. இனியா சாம்பாரைத் தொட்டு இலையில் கோடு போட்டாள். கோபிநாத் அதை விரலால் அழித்து வேறு கோடு போட்டார். சந்தோஷ் தன் அப்பளத்தையும் உடைத்துக் கொடுத்தார். எதிர்வரிசையில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "வேர்வையில கோடு கலங்குமே?" என்றார். வரிசை முழுக்கப் பேச்சுப் பற்றிக்கொண்டது.

வாசலில் இரண்டாம் பந்தி வந்துவிட்டது. முன்னால் நின்றவர் இனியாவின் நிறுவனத்து இயக்குநர். பசியோடு உள்ளே வந்து நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டால், உட்கார்ந்திருப்பவர்கள் கூசி எழுந்துவிடுவார்கள். ஆத்மநாதன் பாய்ந்து போய்க் கதவை அடைத்து நின்றார்.

"ஐயா, ரெண்டே நிமிசம்ங்க."

"உள்ள என்ன, ரசமே இன்னும் போடலையா?"

"ஆமாங்கய்யா. அடுத்த வண்டி காலியா வருது, சீட்டுப் போட்டு உக்காந்து போகலாம்!"

இயக்குநர் சிரித்துவிட்டார். சமையற்கட்டிலிருந்து கருப்பன் கத்தினார். "யோவ், ரசம் கொதிக்குதுய்யா! கசந்து போகும்!"

"கொதிக்கட்டும்டா!"

கடைசியில் கோபிநாத்தே கேட்டார். "ஏங்க, ரசம் உண்டா இல்லையா?" பிறகு இனியாவிடம் திரும்பி, "திங்கக்கிழமை வார்டுக்கு வாங்க. மொத அங்க வர்றவங்க ரத்தத்துல காட்டுதான்னு பாப்போம். இந்த மீன் மருந்துக்காரரையும் கூட்டிட்டு வாங்க. நெறிமுறைக் குழுவுக்கு எழுதுவோம். ஒரே ஒரு கண்டிசன். ரிசல்ட் வந்ததும் ரத்தம் குடுத்தவங்ககிட்ட நீங்களே வந்து சொல்லணும்" என்றார்.

"சொல்றேன் சார்."

"கருப்பா!" ஆத்மநாதனின் குரல் மண்டபத்தையே ஒரு குலுக்குக் குலுக்கியது. "விடுய்யா ரசத்த!"

ரசம் கொதித்துக் கசந்திருந்தது. முதல் பந்தி முகம் சுளித்தது. இரண்டாம் பந்தி வாய்விட்டே சொன்னது. இயக்குநர் கை கழுவிக்கொண்டே, "சாப்பாடு அருமை, ரசம்தான்..." என்று இழுத்தார். ஆத்மநாதன் ஒவ்வொருவரிடமும் கும்பிட்டு, "ஆமாங்க, நல்லாவே இல்லீங்க" என்றார். முகமெல்லாம் பல். "மொத தடவையா ரசத்துக்குப் பேச்சு வாங்கிட்ட, அதுக்குமா சிரிப்பு?" என்றார் கருப்பன். ஆத்மநாதன் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

திட்டம் மூடப்படவில்லை. அனுமதி வர மாதங்கள் ஆயின. சர்க்கரையில் காய வைத்த ஸ்டிரிப் சித்திரை வெயிலைத் தாங்கியது. வார்டில் எடுத்த முதல் ரத்தத்தில் கோடு தெரிந்தது. கடிபட்டவர் பிழைத்து வீட்டுக்குப் போயிருந்தார். இனியா அவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு, பஸ்ஸிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டாள். போனை எடுத்தவர் கருப்பன். ஆத்மநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குக் கோபிநாத்தும் சந்தோஷும் வந்தார்கள். மகளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். பந்தி விசாரிக்க ஆள் இல்லை. கருப்பன் தனியாகப் பரிமாறினார்.

ரசம் நேரத்துக்கு வந்தது. நன்றாக இருந்தது.