கழுவாமல் விட்ட நீலம்

என் அண்ணனின் கல்லறைத் தகட்டில் துரு வழிந்ததற்கு நான்தான் காரணம். அதை அறிந்தும் அறியாதவள் போல் நின்று, என் அண்ணிக்கு அமைய இருந்த இரண்டாம் வாழ்வை நான் கெடுத்தேன்!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போகலாம். போகாமல் இருந்தால்... எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நியாயம் கேட்பதற்காக இல்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

என் பெயர் ஜெசிந்தா. வில்லியனூரைத் தாண்டி, நெல்லுக்கும் கரும்புக்கும் நடுவே இருக்கிற ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். ஓட்டல்களுக்கும் பெரிய வீடுகளுக்கும் எவர்சில்வரில் அலங்காரத் தகடுகள் செய்யும் பட்டறை. வெட்டுவதும் வளைப்பதும் ஆண்கள். நிறம் ஏற்றுவது நான்.

எவர்சில்வருக்கு ஏது நிறம் என்று கேட்பீர்கள். பெயிண்ட் அடிப்பதில்லை. மருந்து தடவுவோம், அமிலம் கலந்த மருந்து. அந்த உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் இருக்கிறது. துருவை அண்டவிடாமல் காப்பது அதுதான். உப்புத்தாளால் தேய்த்து அதை விலக்கினால்தான் மருந்து பிடிக்கும். பிறகு தூரிகையால் தடவிவிட்டு... காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்! முதலில் வைக்கோல் மஞ்சளாக ஏதோ ஒன்று தோன்றும். அது தேன் நிறமாகும். தேன் கருகி ஊதாவாகும். ஊதாவின் அடியிலிருந்து மெதுவாக, மிக மெதுவாக, நீலம் எழும்பி வரும். வெளியே கரும்புத்தோகை உரசிக்கொண்டிருக்கும். விழித்திருக்கிறேனா, உறங்குகிறேனா என்றே தெரியாது. குனிந்து பார்த்தால் என் முகம் அந்த நீலத்துக்குள் எங்கோ ஆழத்தில் மிதக்கும்...

சரியான நொடியில் தண்ணீர் ஊற்றி நிறுத்த வேண்டும். நல்ல தண்ணீரில் மூன்று முறை. ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முறை. மறுபடியும் நல்ல தண்ணீர். மருந்தின் வீரியம் முழுதாக அடங்கினால்தான் அந்தத் தோல் திரும்ப வளரும். காய்ந்த பின் லாக்கர் என்கிற கண்ணாடிப் பூச்சை அடித்து மூடிவிடுவோம். ஒரு துளி மருந்து மிஞ்சினாலும் போதும், லாக்கருக்கு அடியில் உட்கார்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது... மாதக்கணக்கில் தெரியாது.

இவ்வளவும் எனக்கு நன்றாகத் தெரியும். நான் தெரியாமல் செய்ததாக மட்டும் நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

அண்ணன் அமல்ராஜ் மஞ்சள் காமாலையில் போனான். நாற்பது வயது நிறையவில்லை. அப்பாவும் அம்மாவும் அவனுக்கு முன்பே போய்விட்டிருந்தார்கள். பிள்ளை இல்லை. வீட்டில் நானும் ரீட்டா அண்ணியும் மிஞ்சினோம். அவளுடைய பிறந்த வீட்டிலிருந்து கூப்பிட வந்தார்கள். "ஜெசிய தனியா வுட்டுட்டு நான் எங்க வர்றது?" என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினாள்.

அண்ணி பால் சொசைட்டியில் வேலை பார்த்தாள். விடியலில் எழுந்து போய், வருகிற பாலையெல்லாம் கருவி விட்டுப் பார்த்து, கேன்களில் ஊற்றி அனுப்பிவிட்டு, நான் டீ போட்டு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவாள். அவள் மேலெல்லாம் பச்சைப் பால் வாசனை வீசும். வேலை முடிந்து வந்தால் ஒருவருக்கொருவர் தலை பின்னிக்கொள்வோம். ஒரே தட்டில் மாங்காயை நறுக்கி வைத்துக்கொண்டு மழையைப் பார்ப்போம். அண்ணன் செத்த வீட்டில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஓராண்டு ஆகப்போகும்போது அண்ணி கேட்டாள்.

"சிமெண்ட்டுல பேரு எழுதுனா எல்லாரோடதும் மாதிரிதான இருக்கும்? நீ உன் கையால ஒரு தகடு பண்ணேன்டி. நீலமா."

"இன்னா நீலம் அண்ணி?"

"நல்லவாட்டுக் கடற்கரையில, மீன் போட்டு வர்றதுக்கு முன்னால கடலு ஒரு மாதிரி இருக்குமே... உங்க அண்ணன் மீனு வாங்காம அதயே பாத்துனு நிப்பாரு. அந்த நீலம்."

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் மாலை, பட்டறை ஓய்ந்த பிறகு அதைச் செய்தேன். பெயரின் எழுத்துகளை டேப் ஒட்டி மறைத்தேன். சுற்றிலும் நீலம் ஏறி, எழுத்து மட்டும் வெள்ளியாக மின்ன வேண்டும். மருந்தைத் தடவிவிட்டு உட்கார்ந்தேன். மஞ்சள் வந்தது, தேன் வந்தது, ஊதா வந்தது... பிறகு நீலம்! அதுவரை என் கையில் அப்படி ஒரு நீலம் வந்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். கடலோரம் அண்ணன் நிற்பது போலவும், நான் கூப்பிட்டும் அவன் திரும்பாதது போலவும் இருந்தது.

தொட்டியில் ஒரு வாளித் தண்ணீர்தான் இருந்தது. கரண்ட் இல்லை. மோட்டார் ஓடவில்லை.

அந்த ஒரு வாளியை ஊற்றினேன். எழுத்துகளின் விளிம்பில், டேப்புக்கு அடியில் மருந்து கசிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நூறு அடி தள்ளிக் கைப்பம்பு இருந்தது. போய் அடித்துக்கொண்டு வந்திருக்கலாம். ஏன் போகவில்லை? களைப்பா? அந்த நீலத்தை விட்டு நகர மனம் வரவில்லையா? டேப்பை உரித்துத் துணியால் துடைத்தேன். காயவிட்டேன். லாக்கரைத் தூரிகையால் பூசி மூடினேன்.

மறுநாள் காலை பங்குக் கோவில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அண்ணி உள்ளங்கையைத் தகட்டின் மேல் வைத்துக்கொண்டு வெகு நேரம் எடுக்கவில்லை. "குளிர்ச்சியா இருக்குடி" என்றாள்.

அது மட்டுமே நடந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். வேலையில் பிழை யாருக்கும் வரும்.

அடுத்த ஆண்டு, மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு நாள், அண்ணி சொசைட்டியிலிருந்து வந்ததும் டீயைக் கையில் வாங்காமல் நின்றாள்.

"ஜெசி, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க அண்ணி."

"பால் வண்டிக்காரரு இருக்காருல்ல, தேவசகாயம்... கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டாரு."

எனக்கு அவரைத் தெரியும். பாகூர்க்காரர். மனைவியை இழந்தவர். அதிர்ந்து பேசாத மனிதர். கேன்களைக்கூட ஓசையில்லாமல் இறக்குவார்.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"உன்னையும் உங்க அண்ணனையும் கேக்கணும்னு சொன்னேன்." சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன். "பாகூர் இன்னா தூரமா? வாராவாரம் வந்து உன்னப் பாப்பேன்."

வாராவாரம்! அந்த ஒரு சொல் எனக்குள் போய் விழுந்தது... மற்ற நாள்களில் பூட்டைத் திறந்து நானே உள்ளே வர வேண்டும். டீ போட்டு வைத்துக் காத்திருக்க யாரும் இல்லாத வீடு.

"நல்லதுதான அண்ணி" என்றது என் வாய்.

மழை தொடங்கியது. நான்கு நாள் விடாமல் பெய்து, ஐந்தாம் நாள் காலை வெளுத்தது. "அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடறேன்" என்று மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு அண்ணி கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அரை மணியில் திரும்பி வந்தாள். என் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

அங்கே எல்லாம் நனைந்து மின்னிக்கொண்டிருந்தது. புல், சிலுவைகள், மதில்மேல் பாசி. அண்ணனின் தகடு மட்டும்... பெயரின் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் செம்பழுப்பாகத் துரு வழிந்து, நீலத்தின் குறுக்கே கீழே இறங்கியிருந்தது. எழுத்துகள் அழுதது போல இருந்தது.

"பாத்தியாடி? போன வாரம்கூட நல்லா இருந்துச்சு. நான் கேக்க வர்ற நேரத்துல... அவருக்குப் புடிக்கல ஜெசி."

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'நான் சரியாகக் கழுவவில்லை அண்ணி.' நாக்கின் நுனிவரை வந்தது! மரத்திலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. தொலைவில் எங்கோ ட்ராக்டர் சத்தம் கேட்டது. எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பது போல மெதுவாக நடந்தது. அண்ணி என் தோளில் சாய்ந்தாள். அவள் கூந்தலில் பால் வாசனை. நான் அவளை அணைத்துக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

அப்போது பேசாமல் இருந்ததற்குப் பயம், வெட்கம் என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்ததற்கு என்ன சொல்வேன்?

அன்று மதியம் தேவசகாயம் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். வாசலில் நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"இன்னா தங்கச்சி, அவங்க என்னென்னமோ சொல்றாங்க. தகடு துருப்புடிச்சதுக்கும் கல்யாணத்துக்கும் இன்னா சம்பந்தம்? நீ அந்த வேல செய்யற பொண்ணு. மழையில இப்பிடி ஆவுறதுதான், வேற ஒண்ணும் இல்லன்னு நீ ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

கதவுக்குப் பின்னால் அண்ணி நின்றிருந்தாள். அவள் புடவைத் தலைப்பு எனக்குத் தெரிந்தது. அவளும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன்... அவள் காத்திருந்தாள்!

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சொன்னேன்.

"எவர்சில்வர் துருப்புடிக்காதுண்ணே. நான் செஞ்ச தகடு ஒண்ணுகூட இதுவரைக்கும் துருப்புடிச்சதில்ல."

புடவைத் தலைப்பு உள்ளே போய்விட்டது.

தேவசகாயம் என் முகத்தில் எதையோ தேடினார். அவருக்குப் புரிந்திருக்குமோ? புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பிறகு வண்டியை ஏம்பலம் பக்கத்துத் தடத்துக்கு மாற்றி வாங்கிக்கொண்டதாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே அவருக்குக் கல்யாணம் நடந்தது. அதைக் கேட்ட அன்று அண்ணி, "நல்லா இருக்கட்டும்" என்றாள். பிறகு கிணற்றடிக்குப் போய், ஏற்கெனவே துலக்கி வைத்திருந்த பாத்திரங்களையெல்லாம் மறுபடியும் துலக்கினாள்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. அண்ணி என்னோடு இருந்தாள். ஆனால் எங்கே இருந்தாள்? சொசைட்டி வேலையை விட்டாள். பூசை, செபமாலை, கல்லறை. தலை பின்னக் கூப்பிட்டால், "நீயே பின்னிக்கோடி, கை வலிக்குது" என்பாள். மாங்காய் நறுக்கி வைத்தால் ஒரு துண்டு எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பாள். "தகட்டக் கழட்டிட்டு வேற பண்ணித் தரட்டுமா அண்ணி?" என்று ஒரு முறை கேட்டேன். "வேணாம். அவரு சொன்னது அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அவரா சொன்னார்? அந்தக் குரலில் பேசியவள் நானல்லவா!

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவேன். கோபப்பட்டேன், பூசைக்கு வரவில்லை, பொய் சொன்னேன் என்பேன். "என்ன பொய்?" என்று சாமியார் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஒரு முறை அண்ணிக்குக் காய்ச்சல் கண்டபோது நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டே, "அண்ணி, அந்தத் தகடு..." என்று ஆரம்பித்தேன். கண்ணைத் திறந்து பார்த்தாள். அந்தக் கண்களில் என்மேல் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும், "அந்தத் தகட்டத் துடைச்சிட்டு வந்தேன்" என்று முடித்துவிட்டேன். அதுவும் பொய்.

இனி சொல்லப்போவதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் தயங்கினேன்.

இந்த ஆண்டு எனக்கு ஓர் இடம் வந்தது. காரைக்காலில் மாப்பிள்ளை. கொண்டுவந்தவள் அண்ணிதான். பங்கில் நாலு பேரிடம் சொல்லி, விசாரித்து, அவளே போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

"எனக்கு எதுக்கு அண்ணி இந்த வயசுல?" என்றேன். "நீங்க தனியா ஆயிடுவீங்க."

"அதுக்காக உன்னப் புடிச்சி வெச்சிக்க முடியுமாடி? நான் இருந்துக்குவேன். நீ போய் நல்லா இரு."

எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டாள்!

அன்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அல்லது கல்யாணம் வேண்டாம் என்று மறுத்து அவளோடேயே இருந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனார். நல்ல மாதிரியாகத்தான் இருந்தார். பேசும்போது என் கையில் இருக்கும் மருந்துத் தழும்புகளைப் பார்த்து, வலிக்குமா என்று கேட்டார். எனக்குள் ஏதோ இளகியது. நானும் ஆசைப்பட்டேன்.

சரி என்றேன். கேட்டீர்களா? நான் சரி என்றேன்!

எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோவிலில் இரண்டு முறை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை வரும் ஞாயிறு. அதற்கு அடுத்த புதன்கிழமை கல்யாணம். ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று கோவிலில் சாமியார் வாசிக்கும்போதெல்லாம் என் பக்கத்தில் அண்ணி பெருமையாக உட்கார்ந்திருக்கிறாள்.

நேற்று காலை சாமான்களைப் பிரித்துக் கட்டினோம். அண்ணி அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து என் அட்டைப்பெட்டியில் வைத்தாள். இட்லிப் பானை, பெரிய வாணலி, எண்ணெய்த் தூக்கு. கடைசியில் குக்கரை எடுத்து, மூடியைத் திருப்பிப் பார்த்து, புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"இது இருக்கட்டும் அண்ணி, உங்களுக்கு வேணும்" என்றேன்.

"ஒருத்திக்கு இன்னாத்துக்குடி இவ்ளோ பெரிய குக்கரு?" என்று சொல்லி, அதையும் உள்ளே வைத்தாள்.

பெட்டி நிறைந்துவிட்டது. நான் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் கயிறு போட்டுக் கட்டினாள்.